இன்ஸ்பெக்டருக்கு ஃபோம் வைத்த சட்டை

கூம்பைத்தானே சொல்ல வருகிறீர்கள்? அதைத்தான் முதலில் போட்டோம். கழுத்தைச் சுற்றி ஒலிபெருக்கி மாதிரி விரிந்து நிற்குமே, அந்தப் பிளாஸ்டிக் கூம்பு. பூனைக்கு ஆபரேஷன் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் எல்லோரும் கேட்பது அதைத்தான். போட்டோம். இன்ஸ்பெக்டருக்கு ஒத்துவரவில்லை. மாட்டிய அடுத்த நிமிடமே அவள் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். பின்னாலேயே போய்க்கொண்டிருந்தால் கூம்பு முன்னால் கழன்று விழுந்துவிடும் என்று கணக்குப் போட்டாளோ என்னவோ, கடை முழுக்க அப்படியே பின்வாங்கி, ஒரு ஒற்றை சோபாவுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டை உள்ளே தள்ளினேன். கூம்பு இடித்துத் தட்டு நகர்ந்தது. மறுபடி தள்ளினேன், மறுபடி நகர்ந்தது. அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

பெயர்தான் இன்ஸ்பெக்டர், ஆள் பெண் பூனை. எங்களுடையது சோபாவுக்கும் நாற்காலிக்கும் புது உறை போட்டு, மெத்தை மாற்றித் தரும் கடை. கீழே கடை, மேலே வீடு. அப்பா மரச்சட்டத்தைச் சரிசெய்து, ஃபோம் வெட்டி வைத்து, துணியை இழுத்து அடிப்பார். அப்பாவின் தங்கையான என் அத்தை மெஷினில் உறை தைப்பாள். பழைய சோபாக்களைப் பிரித்து எலும்புக்கூடாக்குவது என் வேலை. வருகிறவர்களிடம் பேசுவதும் நான்தான். "அவளுக்கு அந்த வேலைய யாரும் குடுக்கல, அவளே எடுத்துக்கிட்டா" என்பாள் அத்தை. இன்ஸ்பெக்டர் தெருவிலிருந்து தானாக வந்தவள். எந்த சோபா முடிந்தாலும் முதலில் அவள்தான் ஏறுவாள், நடுவில் நின்று முன்கால்களால் மெத்தையை அமுக்கி அமுக்கிப் பார்ப்பாள், திருப்தி என்றால் படுப்பாள். பெயர் அப்படி வந்தது.

ஆபரேஷன் ஒன்றும் பெரிதில்லை, குட்டி போடாமல் இருப்பதற்கானதுதான். வயிற்றில் ஒரு விரல் நீளத்துக்குத் தையல். அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். புண்ணை நக்கவிடக் கூடாது, தினமும் புண்ணைப் பார்க்க வேண்டும். முதல் விஷயம் எங்கள் மூன்று பேர் காதிலும் ஏறியது. இரண்டாவது, அப்போதே ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிட்டது.

சோபாவுக்கு அடியில் குனிந்து நான் கெஞ்சிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்பா கையில் இருந்த ஸ்டேப்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தக் கூம்பக் கழட்டு. நான் ஒண்ணு செஞ்சு தரேன்."

டேப்பை எடுத்து இன்ஸ்பெக்டரின் கழுத்து, நெஞ்சு, இடுப்பு எல்லாம் அளந்தார். ஒரு மணி நேரத்தில் சட்டை தயார். மேலே மெத்தென்ற பருத்தித் துணி. காலுக்கு நாலு துளை, விளிம்பெல்லாம் அழகாகச் சுற்றித் தைத்த பட்டி. பின்பக்கம் அவசரத்துக்குப் போக வழி. தரையில் படுத்தால் புண் உறுத்தக் கூடாதே என்று வயிற்றுப் பக்கம் ஒரு மெல்லிய ஃபோம், அதற்குள் லைனிங். அத்தை நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தாள். கடைசியில் அப்பா அதை அவளுக்கு மாட்டி, முதுகுப் பக்கத்தை வளைந்த ஊசியால் கையாலேயே தைத்து மூடினார். தையல் எங்கே இருக்கிறது என்று தேடினாலும் தெரியாது. எங்கள் தொழிலில் உறை மாட்டினால் மாட்டியதுதான், இன்னும் பத்து வருஷத்துக்கு யாரும் பிரிக்கப் போவதில்லை என்றுதான் கை வேலை செய்யும்.

நீங்கள் அந்தச் சட்டையைப் பார்த்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் முன்பக்கமாக நடந்தாள். சாப்பிட்டாள். படுத்தாள். புண்ணை நக்க முயன்று, துணியை நக்கிவிட்டு, சலித்துப்போய் விட்டுவிட்டாள். நான் போட்டோ எடுத்துத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பினேன். அப்பாவோ அன்றைக்கு யார் கடைக்கு வந்தாலும் பூனை இருக்கிற பக்கமாகத்தான் அவர்களை உட்காரச் சொன்னார்.

அப்புறம் அவள் அமைதியானாள். நாங்கள் அதை நல்லதாகத்தான் எடுத்துக்கொண்டோம். ஓய்வெடுக்கிறாள், சமத்தாக இருக்கிறாள் என்று. சாப்பாடு குறைந்தது. புழுக்கமாக இருக்கிறதே, அதனால்தான் என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னேன். நமக்குக் காரணத்துக்கா பஞ்சம்.

வாடை வந்தது. ஆனால் எங்கள் கடையில் எப்போது வாடை இல்லை? பசை வாடை, பழைய ஃபோம் வாடை, யார் வீட்டுக் குழந்தையோ என்றைக்கோ பால் கொட்டிய சோபாவின் வாடை. அத்தைக்கு மட்டும் மூக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வந்திருந்த ஒவ்வொரு சோபாவாகக் குனிந்து மோந்து பார்த்தாள். கைப்பிடி, இடுக்கு, அடிப்பக்கம் ஒன்றையும் விடவில்லை. நான் பின்னாலேயே போய்க் கேலி செய்துகொண்டிருந்தேன். கடைசியில் இன்ஸ்பெக்டர் படுத்திருந்த மூலைக்கு வந்தவள், குனிந்தவள், நிமிரவில்லை.

"அண்ணா," என்றாள். "வாடை சோபாலேர்ந்து வரல."

எப்படிக் கிளம்பினோம், எப்படிப் போனோம் என்பதெல்லாம் எனக்கு ஞாபகமில்லை. வழி முழுக்க நான் பேசிக்கொண்டே வந்தேன் என்று அத்தை பிறகு சொன்னாள். ஆபரேஷன் செய்த டாக்டருக்கு என்னைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும், சிரித்த முகம். சட்டையைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் அதிகமானது. பிறகு மோந்தார், சிரிப்பு போய்விட்டது. கத்தரிக்கோலை எடுத்து வயிற்றுப் பக்கம் வெட்டப் பார்த்தார். இரட்டைத் தையல், நைலான் நூல், நடுவில் ஃபோம். கத்தரி வழுக்கியது. முதுகுப் பக்கம் திருப்பித் தையலைத் தேடினார். கிடைத்தால்தானே.

"யாரு தைச்சது இத?" என்று கேட்டார். திட்டுகிற குரல்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அப்பா தன் சட்டைப் பையிலிருந்து தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்து, மேஜைக்குப் பக்கத்தில் வந்து, முதுகில் ஒரு இடத்தைத் தொட்டு, ஒரே இழுப்பில் பிரித்தார். அவர் போட்ட தையல் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஃபோம் நனைந்திருந்தது. அதற்கடியில் புண் சிவந்து வீங்கி, ஓரங்கள் பிரிந்து, மஞ்சளாகச் சீழ். நான் சுவரில் மாட்டியிருந்த நாய்ப் படத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். அப்பா திரும்பவில்லை.

டாக்டர் மேலே இருந்த ஒன்றிரண்டு தையலை எடுத்துவிட்டு, சீழை வெளியேற்றி, உப்புத் தண்ணீரால் கழுவினார். கழுவிக்கொண்டே விளக்கினார். மூடி வைத்ததில் ஈரம் தங்கி, காற்றே படாமல் தோல் ஊறிப்போயிருக்கிறது. ஃபோம் அந்த ஈரத்தைக் குடித்துத் திரும்பப் புண்ணுக்கே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்புறம் எங்களைப் பார்த்துச் சொன்னார்:

"மேல் தோல்லதான் சீழ் புடிச்சிருக்கு. உள்ள இருக்கிற தையல் இன்னும் கெட்டியா இருக்கு. அது விட்டுச்சுன்னா திரும்ப மயக்கம் குடுத்துத் தைக்கணும். இப்ப இது இருக்கிற இருப்புல மயக்க மருந்தத் தாங்குமான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. அதனால அது விடக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்."

அவ்வளவுதான் விஷயம். இங்கேயே கூண்டில் விட்டுவிட்டும் போகலாம் என்றார். ஆனால் கூண்டைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் உடம்பை இழுத்து முறுக்கிய முறுக்கில், வேண்டாம், வீட்டிலேயே பாருங்கள் என்று அவரே மாற்றிக்கொண்டார். குதிக்கக் கூடாது. நக்கக் கூடாது. காலையும் மாலையும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றடம், பிறகு ஈரம் போக ஒற்றி உலரவிட வேண்டும். வேளை தவறாமல் மாத்திரை. வீட்டில் இருக்கிற எந்தக் களிம்பையும் தடவக் கூடாது. இதை அவர் அத்தையைப் பார்த்துச் சொன்னார், களிம்பு எடுக்கக் கைப்பைக்குள் விட்டிருந்த கையை அத்தை மெல்ல வெளியே எடுத்தாள். அடுத்த வாரம் கொண்டுவரச் சொன்னார், அன்றைக்குப் பார்த்துத்தான் முடிவு.

குதிக்காமல் பூனையை வைத்துக்கொள்வது, அதுவும் சோபாக் கடையில். ஏறச் சொல்லி அழைக்கிற மாதிரி சுற்றிலும் நிற்கிற சாமான்களுக்கு நடுவில். நான்தான் யோசனை சொன்னேன். முந்தின நாள் மூன்று பேர் உட்காரும் ஒரு சோபாவைப் பிரித்து வெறும் மரச்சட்டமாக்கி வைத்திருந்தேன். அதைத் தரையில் வைத்து, சுற்றிலும் வலைத்துணி அடித்து, உள்ளே பழைய விரிப்பைப் போட்டோம். உயரமும் கிடையாது, ஏற எதுவும் கிடையாது, ஆனால் அவளுக்குப் பழகின மர வாடை. உள்ளே போய் ஒரு சுற்று சுற்றிப் படுத்துக்கொண்டாள்.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள்தான் கேட்டன. பூனைக்கு மாத்திரை கொடுக்கிற வேலை அவற்றுக்கு வந்திருந்தால் மணியே மேல் என்றிருக்கும். நான் கொடுத்தேன், துப்பினாள். மீனில் ஒளித்துக் கொடுத்தேன், மீனைத் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாக நக்கித் தட்டில் வைத்தாள். அத்தை ஒரு துண்டில் அவளைக் கழுத்துவரை சுருட்டிக்கொண்டு, "திண்டு மாதிரி புடிச்சுக்கிறேன், நீ உள்ள போடு" என்றாள். போட்டேன். என் விரலைக் கடித்துவிட்டுத்தான் விழுங்கினாள். பரவாயில்லை, விழுங்கினாள்.

ஒற்றடம்தான் பெரிய பாடாக இருந்தது. ஐந்து நிமிடம் துணியை அசையாமல் வைத்திருக்க வேண்டும். எனக்கு ஐந்து நிமிடம் சும்மா உட்காருவது என்பது யாரோ கட்டிப்போட்ட மாதிரி. காலை ஆட்டுவேன், கை நகரும், அவள் எழுந்துவிடுவாள். அத்தைக்குக் குனிந்து உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். அப்பா கிட்டத்திலேயே வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை. மறுபக்கம் உட்கார்ந்து அந்த நனைந்த சட்டையை ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். தூக்கிப் போடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். துணியைத் தனியாக, லைனிங்கைத் தனியாக, ஃபோமைத் தனியாக எடுத்துத் தரையில் விரித்து, ஃபோமை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"அண்ணா, இங்க வா," என்றாள் அத்தை. "இவளுக்கு உக்காரத் தெரியாது. உன் கைதான் ஆடாது."

"நான் வேணாம்."

"ஏன்?"

"நான் தொட்டது போதும்."

அத்தை மெஷினை நிறுத்தினாள். "நான் இல்லையா? இரட்டைத் தையல் போட்டது யாரு? இவ ஊருக்கெல்லாம் போட்டோ அனுப்பல? ஆனைக்கும் அடி சறுக்கும். சறுக்கின ஆனை அங்கேயே உக்காந்துக்கிட்டிருந்தா வேலைக்கு ஆகுமா? எழுந்து வா, தண்ணி ஆறிடும்."

அப்பா எழுந்து வந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், மறுபடி கழுவினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சட்டத்துக்குள் கையை விட்டு, துணியை வயிற்றில் வைத்தார். இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கி அவர் கையை மோந்தாள். பசை, மரத்தூள், சோப்பு. தலையைக் கீழே போட்டாள். அந்த ஐந்து நிமிடமும் அவர் கையும் அசையவில்லை, அவளும் அசையவில்லை. ஒற்றடம் முடிந்து துடைத்த பிறகும் அப்பா கையை எடுக்கவில்லை, புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோம் வெட்டுவதற்கு முன்னால் சட்டத்தைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

அன்றைக்கே புதுச் சட்டையும் வந்தது. நைந்துபோன தன் பனியன் ஒன்றை வெட்டி, ஒற்றைத் துணியாகத் தைத்தார். ஃபோம் இல்லை, லைனிங் இல்லை. முதுகில் நாடா முடிச்சு, இழுத்தால் அவிழும். புண் இருக்கிற இடத்தில் துணி ஒட்டாமல் தொளதொளவென்று நிற்கும். தினமும் மாற்றித் துவைக்க இன்னும் சில. கடை வைத்த நாளிலிருந்து அப்பா செய்த வேலைகளிலேயே அழகில்லாதது அதுதான். "கோணி மூட்டை மாதிரி இருக்கு" என்றாள் அத்தை. "இருக்கட்டும்" என்றார் அப்பா.

இதற்கு நடுவில் அந்த மூன்று பேர் சோபாவின் சொந்தக்காரி வந்துவிட்டார், பள்ளிக்கூட டீச்சர். அவருடைய சோபா முடிந்திருக்க வேண்டிய நாள் அது. அப்பா ஏதோ ஆணி தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டார். அத்தை மெஷினை வேகமாக ஓட்டினாள். பேசுகிற வேலை என்னுடையதுதானே.

"என் சோபாவுக்குள்ள ஏன் ஒரு பூனை பனியன் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

எல்லாவற்றையும் சொன்னேன். கூம்பு, ஃபோம், சீழ், ஒன்றையும் விடவில்லை. அவர் கைப்பையை ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு, புடவையை ஒதுக்கிக்கொண்டு சட்டத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"நல்லா ஆனப்புறம் குடுங்க போதும்," என்றார் எழுந்து. "இத்தன நாள் தரையில உக்காந்தவங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் உக்கார முடியாதா." மறுநாள் பள்ளிக்கூடம் விட்டுப் போகிற வழியில் திரும்ப வந்தார். சோபாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்டார்.

சாப்பிட்டாள். முதலில் கொஞ்சம், பிறகு தட்டைத் துரத்தித் துரத்தி. வீக்கம் வடிந்தது, வாடை போனது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, டாக்டரிடம் போக வேண்டிய நாள் காலை வரைக்கும். அன்றைக்கு நாடாவை அவிழ்த்த அப்பாவின் கை நின்றது. பனியனில் ஈரம். இளஞ்சிவப்பாக ஒரு கறை.

அத்தை வந்து பார்த்தாள், நேராகப் போய்ப் பூனைக் கூடையை எடுத்து வந்தாள். உள்தையல் விட்டுவிட்டதா? மறுபடி மயக்க மருந்தா? மதில் மேல் பூனை என்பார்கள், அன்றைக்கு மதில் மேல் இருந்தது நாங்கள் மூன்று பேரும். பூனை மட்டும் கூடையில் சொகுசாக உட்கார்ந்து வந்தது.

டாக்டர் பனியனைப் பார்த்தார், மோந்தார். வயிற்றை விரல் நுனியால் மெல்ல அழுத்திக்கொண்டே நீளவாக்கில் போனார். தையலின் ஒரு கோடிக்குப் போய்த் திரும்பி வந்தார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"உள்தையல் அப்படியே கெட்டியா இருக்கு," என்றார் டாக்டர். "இந்த ஈரம் சீழ் இல்ல. இங்க பாருங்க, அடியில செவப்பா மினுமினுன்னு வருதில்ல, அது புதுச் சதை. அடியிலேர்ந்து நெறைஞ்சு மேல வருது. திரும்பத் தைக்க வேண்டாம், தானா மூடிக்கும்." பிறகு பனியன் சட்டையைப் புரட்டிப் பார்த்து, நாடாவை இழுத்து அவிழ்த்து, கட்டி, மறுபடி இழுத்தார். "இதுதான் சட்டை," என்றார்.

அப்பா உட்கார்ந்துவிட்டார். அங்கே நாற்காலி இருந்தது நல்லதாகப் போயிற்று. அந்த நாற்காலியின் மெத்தை கிழிந்திருப்பதைக் கையால் தடவிப் பார்த்து, இதைக் கொடுத்தனுப்புங்கள், மாற்றித் தருகிறேன் என்று சொன்னார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் இப்படித்தான் வரும்.

வீட்டுக்கு வந்து மறுபடி ஒற்றடம், மறுபடி மாத்திரை, மறுபடி என் விரல். புண் ஓரத்திலிருந்து உள்பக்கமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது, ஒருநாள் வெறும் கோடாக நின்றது, அந்தக் கோட்டின் மேல் முடி முளைத்தது. டீச்சரின் சோபா அவர் வீட்டுக்குப் போனது, டாக்டரின் நாற்காலி எங்கள் கடைக்கு வந்தது. பனியன்களைத் துவைத்து மடித்து வைத்தாயிற்று. கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

ஆனால் இன்ஸ்பெக்டர் முடிக்கவில்லை. தினமும் காலையில் அப்பா கடையைத் திறந்து, கையைக் கழுவிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருகிற நேரம் பார்த்து அவள் வருகிறாள். அவர் காலடியில் பக்கவாட்டில் சாய்ந்து, பின்காலைத் தூக்கி, வயிற்றைக் காட்டுகிறாள். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை, முடிதான். அப்பா குனிந்து, முடியை விரலால் விலக்கி, ஒரு கோடிக்குப் போய்த் திரும்பி வந்து, "ம், நல்லாருக்கு" என்கிறார். சொன்னதும் எழுந்து போய்விடுகிறாள். சொல்லாவிட்டால் போவதில்லை. நான் பார்த்து, நான் சொல்லிப் பார்த்தேன். என்னை மதிக்கவே இல்லை.

வெதுவெதுப்பான துணிக்கு ஏங்குகிறது, வேறென்ன என்றாள் அத்தை. அதையும் செய்து பார்த்தோம். துணியை நனைத்து வைத்ததும் விலுக்கென்று எழுந்து உதறிக்கொண்டு போனாள், மறுநாள் காலை அதே நேரத்துக்கு வந்து படுத்தாள். அப்படியானால் பழக்கதோஷம், பூனைக்கு ஏது அதற்கு மேல் என்கிறாள் அத்தை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் புண் ஆறிவிட்டது அவளுக்கே தெரியும். ஆனால் "நல்லாருக்கு" என்று தினமும் ஒருதரம் தன் வாயால் சொல்லாவிட்டால் அந்த மனிதருக்கு நாள் ஓடாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்பாவிடம் இதைச் சொன்னேன், சிரித்துவிட்டு ஃபோம் வெட்டப் போய்விட்டார். நீங்களே சொல்லுங்கள், அவள் தன்னைக் காட்டத்தான் வருகிறாளா, இல்லை அப்பாவைப் பார்த்துவிட்டுப் போக வருகிறாளா?